கையெழுத்துப் போடாத மகளுக்கு

கணபதி,
கோயம்புத்தூர்.
12.02.2025

அன்புள்ள அக்ஷிதா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்து, நம் கிரைண்டர் பட்டறைக்கு நடந்தே வருகிறார். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேச ஆரம்பித்தால் பாதியில் வேறு எங்கோ போய்விடுவேன். அதனால்தான்.

புதுக் கம்பெனி மூலமாக உனக்கு விசா கிடைத்துவிட்டதாக அப்பா சொன்னார். ஆனால் பழைய கம்பெனியை விட்டதும், காப்புரிமை மனுக்களில் கையெழுத்திடும் அனுமதியும் போய்விட்டதாமே. புதிதாக மனுப் போட்டுக் காத்திருக்கிறாயாம். பரீட்சையைத் திரும்ப எழுத வேண்டியதில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தீபாவளிக்கு முன்னால் நான் கேட்டது நினைவிருக்கும். கல்லைத் தூக்காமலே மாவை வழித்தெடுக்கும் நம் கிரைண்டருக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிக் கொடு என்றேன். விசாவில் இருப்பவர்களுக்குக் கம்பெனி வேலைக்கு மட்டும்தான் அனுமதி, வெளியாருக்கு மனு எழுதக் கூடாது என்று பொறுமையாகத்தான் சொன்னாய். எனக்குக் காதில் விழுந்தது ‘முடியாதுங்கம்மா’ மட்டும்தான். ஊருக்கெல்லாம் எழுதுகிறவளுக்குப் பெற்றவளுக்கு எழுத மனசில்லையா என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை, அப்பாதான் எடுக்கிறார்.

அப்புறம் கிரைண்டரை வைக்க இருந்த கண்காட்சி நெருங்கியது. அப்பாதான் என்னைக் கோட்டைமேட்டுக்கு, ஜாவித் என்ற காப்புரிமை முகவரிடம் கூட்டிப் போனார். உன் வயதுதான் இருக்கும். கிரைண்டரின் வரைபடத்தைப் பார்த்ததும், இதை வெளியே யாருக்காவது காட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். பதிவு செய்யாமல் கண்காட்சியில் வைத்திருந்தால் உரிமையே கைவிட்டுப் போயிருக்கலாம் என்றார். முதலில் இங்கே பதிவு, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் அமெரிக்காவில் என்று வழியும் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். உன்னைப் பற்றிக் குறை சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“ஏனுங்கம்மா, அவங்க சொன்னதுதானுங்க சரி. பாசத்துல ஒரு மனு எழுதிப்போட்டிருந்தா, அனுமதியும் விசாவும் சேர்ந்தே சிக்கல்ல மாட்டியிருக்குமுங்க. நம்ம நாட்டுல வெளிநாட்டுக்காரங்க இந்த வேலைக்குப் பரீட்சையே எழுத முடியாதுங்க. அங்க உங்க பொண்ணை உள்ளே விட்டிருக்காங்க. அவங்க அதைக் காப்பாத்திக்கறாங்க, அவ்வளவுதானுங்க.”

அப்பா நிமிர்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் பெயர் கேட்டபோது அப்பா பெயரைத்தான் சொல்லப் போனேன். யோசித்தது யார் என்று ஜாவித் மறுபடி கேட்டார். நான்தான் என்றேன். மாவு வழிக்கும் தகட்டை வளைக்கச் சொன்னது நம் ஃபிட்டர் கிருபாசங்கர், அதையும் சொன்னேன். இரண்டு பேர் பெயரும் மனுவில் ஏறியது. அவன் அந்தத் தாளைப் படம் எடுத்து, கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் மாமனாருக்கு அனுப்பியிருக்கிறான். இப்போது அங்கே அவனுக்கு மரியாதை கூடியிருக்கிறதாம்.

மனு எண் வந்த மறுவாரம் கண்காட்சியில் வைத்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் தானே மாவை வழித்துப் பார்த்தார். அரிசி ஊறப் போட்டுவிட்டுத்தான் வந்தேன், இதையே கொடுங்கள் என்று நின்றுகொண்டார். காட்சிக்கு வைத்ததையே கட்டிக் கொடுத்துவிட்டோம். ஆர்டர்களும் நன்றாக வந்திருக்கின்றன.

அமெரிக்க மனுவை ஜாவித் சொல்லும் ஆள் எழுதட்டும். நீ அதன் பக்கமே வராதே. ஊருக்கு வந்தால் சென்னையில் புது விசா முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும், அதில் தாமதமாகுமோ என்று பயப்படுகிறாயாமே. அப்படியானால் இந்த வருடம் வர வேண்டாம். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

உன் அனுமதி சீக்கிரம் கைக்கு வரட்டும். சரியென்று உனக்குத் தெரிந்ததை யாருக்காகவும், அம்மாவுக்காகவும், விட்டுக்கொடுக்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அம்மணி. இந்த முறை நான் எடுப்பேன்.

உன் அம்மா,
கனகம்