மாற்குவுக்கும் லூக்காவுக்கும் மூன்றடி பேஸ்மட்டம்

செப்டம்பர் 6, சனி

இன்றும் காரை எடுக்க முடியவில்லை. மாற்கு முன்சக்கரத்தில் தலைசாய்த்துத் தூங்குகிறான், லூக்கா பின்சக்கரத்தில். ஆளுக்கு ஒரு காஸ் சிலிண்டர் எடை. ஆப்பிரிக்கத் தரை ஆமைகள். என் மனைவி ஹில்டாவின் தம்பி காலேப் கனடாவுக்குப் போனபோது விட்டுப்போனவை. “ஆறு மாசம்தான், அத்தான்” என்றான். இது மூன்றாவது வருடம். பெயர்களும் அவன் வைத்தவைதான். சுவிசேஷகர்கள் நால்வரில் இருவரோடு நிறுத்தினானே, அந்த மட்டில் ஸ்தோத்திரம்.

கல்லூரிக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். சிவில் துறைத் தலைவர் பதவியை எனக்குக் கொடுக்காமல் என் பழைய மாணவனுக்குக் கொடுத்த கல்லூரி. அவன் காரில் என்னைக் கடந்துபோனான். கையசைத்தான். மறக்க மாட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

காலேப் கூப்பிட்டான். “அத்தான், மழை வரப்போவுது. போன வருஷம் லூக்காவுக்கு மூக்கு ஒழுகினது ஞாபகம் இருக்கா? அதுங்களுக்கு ஈரமே ஆகாது. படப்பையில ஒரு ஃபார்ம் ஹவுஸ்காரர் கேக்குறாரு. அக்டோபர் பதினெட்டு வந்து எடுத்துட்டுப் போவாரு.”

நல்ல செய்தி என்றேன். உண்மையிலேயே நல்ல செய்திதான். பேப்பர் படிக்கும்போது லூக்கா என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்வான். கால் மரத்துப்போகும். அசைக்க மாட்டேன். விழித்தால் கடிப்பான், அதற்காக மட்டும்.

போனை வைக்கும் முன் காலேப் சொன்னான்: “நீங்களே வெளியில ஒரு ஷெட் போட்டுட்டா பிரச்சினையே இல்ல. ஆனா உங்களுக்குத் தியரிதானே, அத்தான்.”

தியரி. இருபத்தாறு வருடமாகக் கட்டடப் பொறியியல் நடத்துகிறவனைப் பார்த்து — தியரி!

செப்டம்பர் 13, சனி

கட்டுகிறேன். அவை படப்பைக்குப் போகாது.

எங்கள் முடிச்சூரில் வீடு கட்டுகிற எவனும் முதலில் கேட்பது பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்றுதான். பெருவெள்ளத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் துளசிங்கம் தன் மனை முழுவதும் மூன்றடி மண் கொட்டி உயர்த்தினார். மணல், ஜல்லி வியாபாரம், சொந்த லாரி, கேட்பாரில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டு மழையெல்லாம் என் வீட்டுக்கு வருகிறது. நடுவில் இருக்கும் காம்பவுண்டு சுவர் என்னுடையது என்று நானும், தன்னுடையது என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு அதையும் நிறுத்தினோம். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. பேசினாலும் அண்ணாந்துதான் பேச வேண்டும். சுவர் என் பக்கம் தலைக்கு மேல், அவர் பக்கம் இடுப்பளவு.

ஆகவே ஆமை வீட்டுக்கும் மூன்றடி பேஸ்மட்டம். துளசிங்கத்துக்கு எந்த விதத்தில் என் ஆமைகள் குறைச்சல்?

செப்டம்பர் 20, சனி

முடிந்தது. ஹாலோ பிளாக்கில் மூன்று சுவர். நாலாவது, காம்பவுண்டு சுவரே. அது என் சுவர்தான் என்பதற்கு இதுவும் ஒரு நிரூபணம். மேலே தகர ஷீட், வெயில் இறங்காமலிருக்க அதன்மேல் தென்னங்கீற்று. உள்ளே வைக்கோல், குளிருக்கு ஒரு குண்டு பல்பு. வாசலுக்கு என் பழைய ரெயின்கோட்டைப் பட்டை பட்டையாக வெட்டித் திரை. கம்பீரமாக இருக்கிறது. ஒரு சின்ன கலெக்டர் ஆபீஸ் மாதிரி.

ஹில்டா காபி டம்ளரோடு வெகுநேரம் பார்த்தாள். “எல்லாம் சரிங்க. எப்படி ஏறும்?”

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆமை படியேறாது.

செப்டம்பர் 27, சனி

சாய்தளம் போட்டால் ஏறும். ஆனால் மூன்றடி உயரத்துக்கு அவை வழுக்காமல் ஏறும் சரிவு வேண்டுமானால், சாய்தளம் கொல்லையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, ஹாலில் டிவிக்கு முன்னால் தொடங்க வேண்டும். செங்குத்தாக ஒரு பலகை வைத்துப் பார்த்தேன். லூக்கா பாதி ஏறினான். பிறகு சறுக்கினான். பிறகு மல்லாந்தான்.

நாலு காலும் வானத்தைப் பார்த்து ஆடுது. ஐயோ, செத்துடுவான்னு நினைச்சேன். கத்தினேன். ஹில்டாவும் நானும் சேர்ந்து புரட்டினோம். என் முதுகு போச்சு.

“தூக்கி உள்ள வைக்கலாம்னா, தினமும் சிலிண்டர் போடறவரைத்தான் வரச் சொல்லணும்” என்றாள். சிரித்தாள். இதையும் மறக்க மாட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் மாற்குவைக் காணோம். கேட் திறந்து கிடந்தது. தெருக்கோடிவரை ஓடினேன். லுங்கியில், செருப்பில்லாமல், “மாற்கு, மாற்கு” என்று கூப்பிட்டபடி. எதிர்வீட்டுக்காரர் ஜெபக்கூட்டம் என்று நினைத்து எழுந்து நின்றார்.

பையன் துளசிங்கத்தின் வீட்டில் இருந்தான். லாரி ஏறுவதற்குப் போட்டிருக்கும் நீண்ட சரிவில் நிதானமாக நடந்து ஏறியிருக்கிறான். லாரியில் கட்டியிருந்த வாழைக்கன்றைத் தின்றுகொண்டிருந்தான். ஓட்டின்மேல் சந்தனம், குங்குமம்.

துளசிங்கத்தின் மனைவி கங்கையம்மாள் புலம்பினாள்: “ஆமை வூட்டாண்ட வந்துகீது. ஆவாதுய்யா, ஆவாது!”

“சும்மா கெட. பெருமாளே ஆமையா வந்தாரு. லாரிக்குப் பொட்டு வெச்ச கையோட இதுக்கும் வெச்சேன், இன்னா இப்போ?” என்றார் துளசிங்கம். பிறகு என்னைப் பார்க்காமல் மாற்குவிடம் சொன்னார்: “யப்பா, உங்க வூட்டு சாராண்ட கேட்டை மூடி வைக்கச் சொல்லு.”

நானும் மாற்குவிடமே சொன்னேன்: “அவர் கேட்டும் திறந்துதான் இருந்துச்சுன்னு சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும் ஹில்டா ஈரத்துணியோடு தேய்த்தாள். “பாஸ்டர் வந்தா என்னங்க சொல்றது?”

அக்டோபர் 2, வியாழன்

தூக்கம் வரவில்லை. மூன்றடி பேஸ்மட்டம். துளசிங்கத்தின் மனையும் மூன்றடி உயரம். அதாவது ஆமை வீட்டின் தரையும் அவர் தரையும் ஒரே மட்டம். பின்சுவரில், அதாவது காம்பவுண்டு சுவரில், ஒரு வழி விட்டால் போதும்; கேட் வழியாகப் போய், அவருடைய லாரிச் சரிவில் ஏறி, நேராக ஆமை வீட்டுக்குள் வந்துவிடும்.

அவரிடம் கேட்க மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

கேட்கவே மாட்டேன்.

அக்டோபர் 15, புதன்

நேற்று முதல் விடாத மழை. கொல்லையில் கணுக்காலளவு தண்ணீர். இரண்டும் பாத்ரூமில். ஹில்டா பள்ளிக்கூடத்துக்குக் குளிக்காமல் போனாள். லூக்காவுக்கு மூக்கு ஒழுகுகிறது. சனிக்கிழமை படப்பைக்காரர் வருகிறார்.

போகட்டுமே. எனக்கென்ன? போனால் காரையாவது எடுக்கலாம். எங்கே போக?

அக்டோபர் 16, வியாழன்

கேட்டேன்.

மழை விட்டதும் மாற்குவைக் கொல்லைக்கு ஓட்டிப்போய், சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: “மாற்கு, இந்தச் சுவத்துல ஒரு ஓட்டை போட்டா உனக்கு வீடு கிடைக்கும். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்கணுமே.”

மேலே துளசிங்கத்தின் தலை தெரிந்தது. “யப்பா மாற்கு, சாருக்கு வாய் இல்லியா?”

அண்ணாந்தேன். வேறு வழியில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். “நம்ம வூட்டம்மாவுக்கு ஆமை வாசப்படி மட்டும் தாண்டக் கூடாது. மத்தபடி வரட்டும், போவட்டும். ஒடச்சிக்க சார். உன் சுவருதானே.”

ஒன்பது வருடம். அந்த வார்த்தைக்காக ஒன்பது வருடம் காத்திருந்தேன். என் சுவரென்றால் உடைப்பதும் பூசுவதும் என் தலையில், இந்த முதுகோடு. “இல்லீங்க, உங்க சுவர்தான். நீங்களே உடைங்க” என்றேன்.

“இன்னா சார், உன்னுதுன்னு கோர்ட்டு வரைக்கும் போறேன்னியே!”

“விசாரிச்சேன். உங்களுதுதான்.”

“ஐய, எனக்கு வாணாம்பா. படிச்சவரு நீ, உன்னுதாவே இருக்கட்டும்.”

கடைசியில் கங்கையம்மாள்தான் கத்தினாள்: “யார் சுவரோ! அந்த ஜீவன் நனையுதுல்ல, ஒடைங்கய்யா!” துளசிங்கம் அவர் பக்கத்திலிருந்து கடப்பாறை போட்டார். நான் இந்தப் பக்கம் செங்கல் பொறுக்கினேன். சுவர் யாருடையது என்று முடிவாகவில்லை.

அக்டோபர் 18, சனி

படப்பைக்காரர் நாலு ஆட்களோடு வந்தார். வெளியே கொட்டுகிற மழை. உள்ளே வைக்கோலில், பல்பு வெளிச்சத்தில், இருவரும் கொர்ரென்று தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ரெயின்கோட்டுத் திரையை விலக்கிப் பார்த்தார். “என் ஃபார்ம்ல இப்படி இல்ல சார்” என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

காலேபுக்கு வீடியோவில் காட்டினேன். “அத்தான்! நீங்களா கட்டினீங்க?”

“தியரிப்படி” என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ராத்திரி மழை. வழக்கம்போல் துளசிங்கத்தின் தண்ணீர் முழுவதும் என் கொல்லையில். திட்டப் போனேன். அண்ணாந்து கத்த வேண்டியிருக்கவில்லை. ஆமை வீட்டுத் திரையை விலக்கினால் நேரே ஓட்டை, என் மார்பு உயரத்தில். மாற்குவுக்கும் லூக்காவுக்கும் மேலாகச் சாதாரணக் குரலில் திட்டினேன்.

அந்தப் பக்கம் அவர் வேட்டியை மடித்துக்கொண்டு, ஈரத்தரையில் முட்டி போட்டு, தலையைக் கவிழ்த்து, ஓட்டைக்குள் முகத்தை நுழைத்து, “இன்னா சார், சரியா கேக்கல?” என்றார்.

மறுபடி சொன்னேன். நிதானமாக, முதலிலிருந்து.