எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள்

மார்ச் 3, திங்கள்

குளிர் விடவில்லை. நடைபாதையில் உப்புப் போட்டும் வழுக்கல். பஸ் பிந்தி வந்தது.

வாங்க: வெந்தயம், அரிசிமா, சப்பாத்துக்கு நாடா.

இன்று பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருத்தினார்கள். இதுவரை என் வேலை எங்கள் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது. தமிழ்ப் பெண்கள் என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேருக்குச் சமையல். எட்டாம் வகுப்போடு நின்றவளை ஏன் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் கதவு திறப்பார்கள்.

அபிரா அங்கே படிக்கிற பிள்ளை. இங்கே பிறந்தவள், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். திரையில் பதினொரு வரி சிவப்பு.

"அன்ரி, உங்கட ஆக்கள் பிழை விட்டிருக்கினம். வீட்டில ரெண்டு பேராம், சமைக்கிறது மூண்டு பேருக்காம்."

"அதுக்கு?"

"மூண்டை ரெண்டாக்குவன். டேட்டா கிளீன் பண்ணுறது. எல்லாரும் செய்யிறதுதான்."

"நானும் டோர்வல் எயார்போர்ட்டில பன்னிரண்டு வருஷம் கிளீனிங். ஆர்ட சாமான் எண்டு கேக்காமல் ஒண்டையும் குப்பையில போட்டதில்லை."

சிரித்தாள். மாற்றவில்லை. நாளைக்குப் பேராசிரியரிடம் கேட்போம் என்றாள்.

சிவப்பில் 23ஆம் எண் என்னுடையது. வேலைக்கு எடுக்க முன்னம் என்னிடமும் கேட்டு நிரப்பியது. படிவத்தில் பெயர் இல்லை, எண் மட்டும். வீட்டில் 1. சமையல் 2. அபிராவுக்குத் தெரியாது. சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பேராசிரியர் சுதா சென்னைக்காரர். வெள்ளிக்கிழமை முதற்கட்ட அட்டவணை போக வேண்டுமாம். அவசரத்திலும் என்னிடம் கேட்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பிழையெண்டால் சிலது கூடும், சிலது குறையும், மேடம். இது பதினொண்டும் கூடித்தான் நிக்குது. கைப்பிழை ஒரு பக்கமாச் சாயாது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அபிரா, இதை உங்களுக்கு ரெண்டு வாரம் கிளாஸ் எடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

பிள்ளையின் முகம் சிவந்தது. பாவம். பிறகு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

முடிவு: பழைய எண்ணைத் தொடக் கூடாது. பக்கத்தில் 'ஏன்' என்று புதுக் கட்டம். திரும்பக் கூப்பிடலாம் என்று போன் நம்பர் தந்தவர்களை நான் போனில் கேட்க வேண்டும்.

முழங்கால் நோ. எண்ணெய் பூசினேன்.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து பனி. பத்துப் பேரையும் பிடித்துவிட்டேன்.

எண் 7: "தம்பி புவாண்ட்-கிளேரில வேலை, தனியத்தானே இருக்கிறான். அவனுக்கும் சாப்பாடு கட்டிக் குடுக்கிறனான். ஏன், வரி போடப் போறாங்களோ?"

எண் 12: மேல்வீட்டு அம்மாவுக்குக் கால் ஒப்பரேஷன். கிரேக்கத்து மனிசி. பருப்பு மட்டும் சாப்பிடுவாவாம்.

எண் 31: புருஷன் போய் நாலு மாதம்.

"படைக்காமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது? வருஷம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியுமட்டும் அவருக்கும் சேர்த்துத்தான் உலை. இதையும் கேக்கினமோ?"

"கேக்கினம் அக்கா."

"அப்ப வடிவா எழுது. உப்புக் குறைச்சுத்தான் சமைக்கிறனெண்டும் எழுது. அவருக்குப் பிரஷர்."

இரண்டு பேரும் சிரித்தோம். பேந்து அவ அழுதா. நான் போனை வைக்கவில்லை.

பின்னேரம் பதில்களைப் பிரித்தோம். இரண்டு குழு: பங்கு, படையல். அபிரா ஒரு தாளில், நான் ஒரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல். பிறகு ஒத்துப் பார்த்தோம். ஒன்பது சரி. எண் 18இல் சண்டை. அவ படைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறா.

"பங்கு, அன்ரி."

"முதல் ஆருக்கு வைக்கிறா? அதைப் பார்."

கடைசியில் இரண்டிலும் போட்டோம். அப்படியும் போடலாமாம்.

"23க்குப் போன் நம்பரே இல்லை. விட்டிடுவமா?"

"வெள்ளி வரைக்கும் விடாத."

மார்ச் 6, வியாழன்

வேலை இல்லை. உடுப்புத் தோய்த்தேன். மகள் டொரொண்டோவிலிருந்து போன் எடுத்தாள், பேரன் பிரெஞ்சு வகுப்பில் முதலாம் இடம்.

என் புருஷன் போய் இரண்டு வருஷம். ஆட்டைத்திவசம் முடிந்து ஒரு வருஷம். நான் படைப்பதில்லை. ஒருவருக்கும் கொடுப்பதும் இல்லை. அரிசி மட்டும் இரண்டு பேர் அளவு, ஒரு சுண்டு, பழையபடி. மிஞ்சினது அடுத்த நாள் எனக்கு.

படையல் என்று போட்டால் ஒருவருக்கும் தெரிய வராது. நல்ல மனிசி என்றும் தோன்றும். ஆனால் 31ஆம் எண் அக்கா அழுது சொன்ன உண்மைக்குப் பக்கத்தில் என் பொய்யை வைக்க மாட்டேன். ஒரு பொய் சேர்ந்தால் அவவின் குழுவும் பழுது.

வெட்கம் கொஞ்சம். பயம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வெயில். பார்க்கத்தான் வெயில், மூக்கு விறைத்தது.

போன உடனே சொன்னேன். "அபிரா, 23 நான்தான்."

கதிரையோடு திரும்பினாள். "அன்ரி... அழிச்சு விடட்டோ? ஒராள்தானே. ஒண்டும் மாறாது."

"அழிக்காத."

"அப்ப படையலில போடவோ?"

"என்ர படிவத்தை நான் பிரிக்கேலாது. நீ கேள். மற்றவையிட்ட நான் கேட்ட மாதிரிக் கேள்."

நிமிர்ந்து இருந்தாள். குரலை மாற்றினாள், ஒப்பீசுக் குரல்.

"வீட்டில நீங்கள் ஒராள். ஏன் ரெண்டு பேருக்குச் சமைக்கிறீங்கள்?"

"ஒராளுக்கு அளக்கக் கை வருதில்லை."

அப்படியே அடித்தாள். ஒரு எழுத்தும் திருத்தவில்லை. மூக்கை உறிஞ்சினாள். தடிமன் என்றாள்.

பேராசிரியர் வந்து பார்த்தார். "இது ரெண்டு குரூப்லயும் சேரலையே?"

"ஓம் மேடம். தனிய விடுங்கோ."

"ஒரே ஒரு ஆளுக்கு ஒரு குரூப்பா?"

"இன்னும் நாற்பது வீடு கேக்கக் கிடக்கு. 'ஏன்' எண்டு முந்தி நாங்கள் கேக்கேல்லை. கேட்டால் என்னை மாதிரி இன்னும் வரும்."

யோசித்தார். சரி என்றார்.

அட்டவணை நாலு மணிக்குப் போனது. என் வரியில் 1, 2. ஒருவரும் மாற்றவில்லை.