தூங்கும்போது கொடுத்த பரிசு

புவெர்த்தோ ஓர்தாஸ்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆசீர்வாதம் கொடு, அம்மா. இங்கே நான், எதிக்சன், யூலிமார் மூவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இனி விஷயம். போனில் சொல்ல முடியாது. உன் போன் முன்னறையில் இருக்கிறது. அழகுப் போட்டிக்கு நடை பழக வரும் உன் பெண்கள் குதிகால் செருப்போடு வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் வலது மார்பு கல்லாகிவிட்டது. இடது பக்கம் பழையபடியே இருக்கிறது. வலது மட்டும் இறுகி, மேலே ஏறி நிற்கிறது. இரும்பாலை மருத்துவமனையில் காட்டினேன். உள்ளே வைத்த சிலிகான் பையைச் சுற்றி உடம்பு தானாக ஓர் உறை கட்டிக்கொள்ளுமாம். எல்லோருக்கும் கட்டும், சிலருக்கு மட்டும் அது சுருங்கிப் பையை நெரிக்கும் என்றார் டாக்டர். "ஆபரேஷன் புண் ஆறுறதுக்குள்ள கையத் தூக்கி ஏதாவது வேலை செஞ்சீங்களாம்மா?" என்று கேட்டார். "வேலை செய்யல டாக்டர், ராணியா இருந்தேன்" என்றேன்.

நினைவிருக்கிறதா? மாதா திருவிழா ஊர்வலம், நான்தான் அந்த வருட அழகு ராணி. தையல் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. வண்டியின் உச்சியில் நின்று ஊர் முழுக்கக் கை அசைத்தேன். நீ கீழே ஓடிவந்துகொண்டே, "இன்னும் மேல தூக்குடி! மாடியில நிக்கிறவனுக்கும் தெரிய வேணாமா?" என்று கத்தினாய். வெள்ளை உடையில் இரத்தம் கசிந்ததும் அதன்மேல் ஒரு பூங்கொத்தைக் குத்திவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. பதினெட்டு வயதில் நீ பரிசாகச் செய்துவைத்த அந்த ஆபரேஷன் எனக்கும் இனித்தது.

இப்போது குப்புறப் படுக்க முடிவதில்லை. யூலிமாரை வலது பக்கம் தூக்கினால், "அம்மா, உள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்க?" என்று தட்டிப் பார்க்கிறாள். மூன்று வயதுக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவிடம் தலை வைக்க ஒரு பக்கம்தான் உண்டு என்று.

இரண்டையும் எடுத்துவிட வேண்டும் அம்மா. மாற்ற வேண்டாம், எடுத்தால் போதும். வைத்தவர் டாக்டர் பிரிசேனியோ, அவரே எடுக்கட்டும். நீ பேசி ஏற்பாடு செய்.

உன் மகள்,
சுலாய்

மராக்காய்போ
20 பிப்ரவரி 1998

என் ராணிக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு வகுப்பு எடுத்தேன். இந்த வருடம் வந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும். ஒருத்தி வாத்து நடை நடக்கிறாள், இன்னொருத்திக்குச் சிரித்தால் ஈறு தெரிகிறது. "சுலாய் எப்படி நடந்தாங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். சுவரில் உன் படம் இருக்கிறதே, அதைக் காட்டுகிறேன்.

எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதைதான். எடுத்த பிறகு என்ன மிஞ்சும் என்று யோசித்தாயா? காலிப் பை. எதிக்சன் நல்லவன்தான், ஆனாலும் ஆம்பளை. டாக்டரும் அதையே சொன்னார். "தோல் விரிஞ்சு போயிருக்கு, கோரோமோதோ அம்மா. கொஞ்சம் பெருசா வெச்சாத்தான் எடுப்பா நிக்கும்" என்றார்.

சரி, சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன் உடம்பு, உன் இஷ்டம். எடுத்துவிடலாம், வா. மே மாதக் கடைசிக்குத் தேதி வாங்கிவிட்டேன். குழந்தையையும் கூட்டி வா. அவளுக்கு வாழைப்பழ வடை சுட்டுத் தர ஆள் இருக்கிறது.

பெற்ற மனம் பித்து என்பதை மறக்காதே.

உன் அம்மா,
கோரோமோதோ

புவெர்த்தோ ஓர்தாஸ்
28 ஜூன் 1998

அம்மாவுக்கு,

ஆசீர்வாதம். ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உன் வீட்டில் இருந்தவரை இதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்ல எனக்கு ஒரு மூலைகூட இல்லை. எழுதுகிறேன்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் மூச்சுத் திணறியது. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கட்டுக்கு மேலே தடவிப் பார்த்தேன். எடுத்தால் தட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். "கவலைப்படாதீங்க, பழசை எடுத்தாச்சு. உங்கம்மா வாசல்ல வந்து டாக்டர்கிட்ட பேசினாங்க. முன்னதைவிடப் பெரிய சைஸ். பரிசாம். குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள்.

நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன். நீயும் அவரும் வெளியே, திரைச்சீலைக்கு அளவு சொல்வதுபோல், என் உடம்புக்கு அளவு பேசி முடித்துவிட்டீர்கள். டாக்டரிடம் கேட்டேன். "அம்மா சொன்னா மகளுக்கு நல்லதுக்குத்தானே சொல்வாங்க" என்றார். அவருக்கு வெட்கமே இல்லை. நம் ஊரில் யாரும் அவரைத் தப்பாகவும் நினைக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் உன் வீட்டில். இறுக்கக் கச்சை. கை தோளுக்கு மேல் எழும்பக் கூடாது. என் முடியை நானே வார முடியாது. நீ வாரிவிட்டாய். தினமும் உன் பெண்களை அழைத்து வந்து, "பாருங்க, ரெண்டாவது தடவை, எப்படி நிக்குது பாருங்க" என்று காட்டினாய். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஊர் திரும்பப் பேருந்து ஏறக்கூட நீதான் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது.

எதிக்சனுக்கு மகிழ்ச்சி. "நல்லாத்தானே இருக்கு, ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்கிறார். சந்தைக்குப் போனால் பெண்கள் வாழ்த்துகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வேன்? என் தோலுக்குள் நான் குடியிருக்கவில்லை அம்மா. உன் வீட்டில் வாடகைக்கு இருப்பதுபோல் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. சரி என்று எழுதிவிட்டு ஏன் இப்படிச் செய்தாய்?

சுலாய்

மராக்காய்போ
15 ஜூலை 1998

சுலாய்,

கடவுள் ஆசீர்வதிக்கட்டும், நீ எப்படி எழுதினாலும்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறாய். நீ கண்ணீரோடு கேட்டதைச் செய்திருந்தால், ஒரு வருடம் கழித்து வேறு கண்ணீரோடு வந்திருப்பாய். அழுகிற குழந்தையிடம் கேட்டா ஊசி போடுகிறார்கள்? உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயப்படலாமா? பெண்ணாய்ப் பிறந்தால் வலிக்கும். எனக்கும் வலித்திருக்கிறது. என்றாவது உன்னிடம் சொன்னேனா?

அழகுதான் உன்னை இந்தச் சந்திலிருந்து வெளியே தூக்கிப் போட்டது. ராணியாக இருந்ததால்தான் எதிக்சன் மாதிரி ஓர் எஞ்சினியர் வந்து பெண் கேட்டான். இல்லாவிட்டால் நீயும் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஏரிக்கரையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருப்பாய். நன்றி வேண்டாம், நாக்கையாவது அடக்கு.

கோபம் போகட்டும், ஒரு நல்ல செய்தி. யூலிமார் இங்கே இருந்தபோது கண்ணாடி முன்னால் நடந்து காட்டினாள். என்ன நடை! இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள் பார், வகுப்பே கைதட்டியது. டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தார். "இவளுக்குப் பதினஞ்சு முடியிறப்ப என் பரிசு, இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். "நான் உயிரோட இருந்தா நானே செய்யிறேன்" என்றார். சத்தியம் செய்து கையில் அடித்துக்கொண்டோம்.

உன் அம்மா

புவெர்த்தோ ஓர்தாஸ்
2 ஆகஸ்ட் 1998

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஆசீர்வாதம் கேட்கவில்லை.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்தேன். யூலிமார் மேசைக்கு அடியில் சோளமாவு அப்பத்தைப் பிய்த்து நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகு எவ்வளவு சின்னது தெரியுமா? அந்த உடம்பின்மேல் நீயும் அவரும் கையடித்திருக்கிறீர்கள்.

சியுதாத் பொலிவாரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். அடுத்த வாரம் எடுக்கிறார். எடுத்தால் தோல் தொங்கும், தழும்பு தெரியும், பழைய மாதிரி ஆகாது என்று படம் போட்டுக் காட்டினார். சரி என்றேன். "நான் தூங்கின பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் கேக்காதீங்க டாக்டர்" என்றேன். "யாரு வருவா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். எதிக்சன் பேசுவதில்லை. சோபாவில் படுக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

அந்தச் சத்தியத்தை நீ திரும்ப வாங்கும்வரை யூலிமாரை உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். நானும் வர மாட்டேன்.

சுலாய்

புவெர்த்தோ ஓர்தாஸ்
6 செப்டம்பர் 1998

அம்மாவுக்கு,

ஆசீர்வாதம். நீ பதில் போடவில்லை. இருந்தாலும் தகவல் சொல்வது முறை.

எடுத்தாயிற்று. கண்ணாடியில் பார்க்க நன்றாக இல்லை, பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் பார்த்து அழுதேன். நீ சொன்ன காலிப் பைதான். ஆனால் நேற்று மத்தியானம் யூலிமார் ஓடிவந்து வலது பக்கம் தலை வைத்தாள். தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியே" என்றாள். அப்படியே தூங்கிவிட்டாள். தழும்பு சுள்ளென்று இழுத்தது, நான் அசையவில்லை.

எதிக்சன் இன்னும் சோபாவில்தான். போனால் போகட்டும் என்று எழுத ஆசை, அவ்வளவு தைரியம் வரவில்லை.

"எனக்கும் வலித்திருக்கிறது" என்று நீ எழுதியிருந்தாய். அப்போது கோபத்தில் கவனிக்கவில்லை. எங்கே வலித்தது அம்மா? இந்த டாக்டர் நல்லவர். இங்கே ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. வாயேன்.

சுலாய்

மராக்காய்போ
30 செப்டம்பர் 1998

மகளே,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உன் டாக்டரிடம் நான் வரவில்லை. இங்கேயே, யாருக்கும் தெரியாமல், அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் பிரிசேனியோவிடம் காட்டக் கூச்சமாக இருந்தது. அவருக்கு என்னைப் பற்றித் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நீ பால் மறந்த வருடம். உன் அப்பா வீட்டுக்கு வருவதைக் குறைத்திருந்தார். ஒரு சிகையலங்காரக்காரி எல்லைக்கு அப்பாலிருந்து குப்பி கொண்டு வருவாள். பை எல்லாம் அப்போது ஏழைக்குக் கிடையாது. சிலிகானை அப்படியே ஊசியில் ஏற்றி மார்பில் போடுவாள். அவள் வீட்டுக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பாவும் பார்த்தார். பிறகு கட்டி கட்டியாக இறுகியது. இருபத்துநான்கு வருடமாக நான் படுத்துத் தூங்கியதில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடிதான். மழைக்காலத்தில் நெருப்பாக எரியும்.

உனக்கு நல்ல டாக்டர், நல்ல பை, நல்ல ஆஸ்பத்திரி. நான் பட்டது நீ படக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பையன் மாதிரி டாக்டர். படம் எடுத்துப் பார்த்தார். "எடுத்துடுங்க தம்பி" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன், சுலாய். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதே தெரிந்துவிட்டது. "பையா இருந்தா எடுக்கலாம்மா. இது சதையோட கலந்து அக்குள் வரைக்கும் போயிருக்கு. மாவுல எண்ணெய் விட்டுப் பிசைஞ்ச பிறகு எண்ணெயை மட்டும் எப்படி எடுக்கிறது?" என்றார்.

அதனால் கட்டிலை வேறு யாருக்காவது போடு.

நேற்று டாக்டர் பிரிசேனியோ வீட்டுக்குப் போய், யூலிமாருக்காகக் கொடுத்த சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "ஏன், பொண்ணு கோவிச்சுக்கிட்டாளா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

குழந்தையை என்னிடம் அனுப்பு. கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைக்கிறேன். அவள் என்மேல் சாய வந்தால் மட்டும், பாட்டிக்கு வலிக்கும் என்று முன்னமே சொல்லி அனுப்பு. அவள் கேட்டால் என் வாயால் எனக்குச் சொல்ல வராது.

உன் அம்மா,
கோரோமோதோ