வர வர

என்னங்க,

அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நம் இசைக்குழுவின் புதுப்பாட்டைக் கேட்டேன். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. கம்ப்யூட்டர்தான் ஏதோ முனகிக்கொண்டிருக்கிறது. அக்கா எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

பாட்டுக்காரியே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்த பாட்டில், நடுவே என் குரல் வந்தது. "வர, வர, வர" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

"வர வர என்னடி? முழுசா சொல்லித் தொலையேன்" என்றாள் அக்கா.

இதை எப்போது பாடினேன் என்று யோசித்தேன். பாட்டில் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அது பாட்டே இல்லை. கிளம்பிய அன்று உங்கள் அறை வாசலில் நின்று, "இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்றேனே, அதுதான். உங்கள் மைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. காதில் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வெட்டியெடுத்த "மாட்டேன்" கம்ப்யூட்டரில் எங்காவது கிடந்தால் அழித்துவிடுங்கள். எனக்கும் அது வேண்டாம்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பெட்டியில் ஒரு சக்கரம் போய்விட்டது, தூக்கத்தான் வேண்டும். ஸ்டேஷனுக்கு வரும்போது ஹெட்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டுக்காரி