பல்லாவரத்தில் தளரும் தாளம்

இன்று காலை தாளப் பெட்டியின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்தேன். உன் தைல வாசனை வந்தது. கடைசியாக வந்த அன்று, தொண்டையில் தைலம் தடவிய கையோடு இதன் ரப்பர் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாய். "கையத் தொடச்சுட்டுத் தொடுய்யா" என்றேன். "நல்லதுதான்யா, உன் மெஷினுக்கும் சளி புடிக்காது" என்றாய். ரப்பர் எதையும் எளிதில் விடாது போலிருக்கிறது.

நேற்று சேலையூரில் உன் வீட்டில் உனக்கான நினைவு ஜெபக் கூட்டம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் பதிவு செய்த பாட்டை நான் திருத்தவில்லை. நீ கேட்டாய், உனக்குப் பிறகு உன் மகன் கேட்டான், இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறொன்றில்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில்தான் உன்னைப் பார்த்தேன். உனக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்குப் பாரிமுனையில் ஒரு உதிரிபாகக் கடையில். கதவோரம் நின்று இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் தடுப்புத் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து உன் குரல் வந்தது.

"இன்னாய்யா அடிக்கிற, தகரக் கொட்டாய்ல மழ பேஞ்சா மாதிரி கீது?"

"புடிக்கலன்னா அடுத்த பொட்டிக்குப் போ."

நீ போகவில்லை. பாட ஆரம்பித்தாய். அன்றிலிருந்து நீ ஓய்வு பெறும்வரை காலை வண்டியில் அந்தக் கதவோரம் நம்முடையது. தாம்பரத்தில் நம்மோடு ஏறும் தபால் ஆபீஸ் சாரும் குரோம்பேட்டையில் ஏறும் துணிக்கடை பாயும் கைதட்டுவார்கள். பாய் ஏறியதும் உன் சொந்தப் பாட்டைத் தொடங்குவாய். 'உட்கார இடமில்லை, பாட இடமுண்டு' என்று ஆரம்பிக்கும். பாட்டு உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தாளம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டி சொல்லித்தந்ததை வைத்துக்கொண்டோம்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பெட்டியை வாங்கினேன். கணினி வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். பதினாறு ரப்பர் கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சத்தம். உள்ளேயே விதவிதமான டிரம் சத்தத் தொகுப்புகள் இருக்கின்றன, கிட் என்கிறார்கள். இணையத்தில் இரண்டு கைகளாலும் ஓடி ஓடி அடிக்கிறார்கள். எனக்கு ஒரு கைதான் பழக்கம். கட்டைவிரலில் அடிச்சத்தம், மோதிரவிரலில் மேல்சத்தம். இடது கை இன்னமும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது தவறான முறை என்று ஒருவன் எனக்கு எழுதினான். இருக்கட்டும்.

அத்தனை கிட்டையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் வெளிநாட்டு டிரம்தான், தவில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கிட்டில் டாம் என்கிற பெரிய டிரம்மின் சத்தத்தைத் தாழ்த்தி, முழக்கத்தைக் குறைத்துத் தட்டியபோது நீ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாய். "அட, நம்ம ரயில் பொட்டித் தகரம்யா இது!"

அதற்குப் பிறகுதான், நான் குடிமாறி வந்த கூடுவாஞ்சேரியில் எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா வந்தது. நீ பாட, நான் வாசிக்க என்று பேசியிருந்தோம். மேடையைப் பார்த்துக்கொண்ட கீபோர்டுக்காரர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"அப்போ கீபோர்டுலயே பீட் ஓட விட்டுடலாம் சார். சேஃப்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ வரவில்லை. மேடையேறிப் பாடினாய். அதை நான் மறக்கவில்லை, இப்போதும் சொல்கிறேன், நீ என்னோடு இறங்கியிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. இரண்டாவது சரணத்தில் நீ பின்தங்கினாய். கீபோர்டு பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நீ தாவிப் பிடிக்கப் பார்த்தாய், வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. யாரோ சிரிப்பது மைக்கிலேயே கேட்டது.

மேடையிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாய். "தாளம் வுட்டுப் போச்சுய்யா எனக்கு" என்று மட்டும் சொன்னாய். "அதுக்குக் காது கெடையாது, நீ பாடறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். நீ நம்பவில்லை.

பிறகு உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மருத்துவமனையிலிருந்து வந்து தேறிய ஒரு மத்தியானம், பாட்டைப் பதிவு செய்துவிடலாம் என்று நீயே வந்தாய். தைல வாசனை அன்றையதுதான். மைக்கைப் பெட்டியில் செருகினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு பாடினாய், நான் தகரச் சத்தத்தில் வாசித்தேன். ஒரே மூச்சில் முடிந்தது. போட்டுக் கேட்டோம். உன் முகம் மாறியது.

"ரெண்டாவது சரணத்துல இழுக்குது பாரு. அதே எடம். பையன் சொன்னான், இதுல ஏதோ பட்டன் கீதாமே, குவாண்டைஸோ இன்னாவோ. அமுக்குய்யா."

இருக்கிறது. முந்தியும் பிந்தியும் விழுந்த அடிகளை எல்லாம் சம இடைவெளியில் கொண்டுபோய் உட்காரவைக்கும். உன் குரலையும் அதற்கேற்ப இழுத்துப் பொருத்திவிடலாம்.

"அமுக்க மாட்டேன்."

"என் பாட்டுய்யா."

"என் கையி."

"நான் போனப்புறம் பேரப் புள்ளைங்க கேட்டுட்டு, தாத்தாவுக்குத் தாளம் தெரியாதுன்னு சொல்லணுமா? அதான் உனக்கு வேணுமா?"

 ஆனாலும் முடியாது என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். உனக்குப் போட்ட டீ ஆடை கட்டிக் கிடந்தது. நீ போன் செய்வாய் என்று நான் இருந்தேன். நான் செய்வேன் என்று நீ இருந்திருப்பாய். கடைசியில் வந்தது உன் மனைவியின் போன்.

கூட்டத்துக்கு முன்பு உன் மகன் என் வீட்டுக்கு வந்தான். "அங்கிள், அப்பா கடைசியா ஆசப்பட்டது இது ஒண்ணுதான். சரி பண்ணிக் குடுத்துடுங்க. எல்லார் முன்னாடியும் போடணும்."

"உங்கப்பா கேட்டாரு, மாட்டேன்னுட்டேன். அவரு இருக்கும்போது ஒண்ணு சொல்லிட்டு, இல்லாதப்போ வேற சொல்ல மாட்டேன்."

"ஏன்னாவது சொல்லுங்க."

"தெரியலப்பா. அந்த எடத்துல என் கையும் அப்படித்தான் போச்சு. தப்புன்னு கைக்குத் தோணல."

அவனுக்குக் கோபம். அதில் நியாயம் இருந்தது. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் உன் மனைவி சொன்னது எனக்கும் கேட்டது. "விடுடா. அண்ணன் அப்படித்தான், உங்கப்பாவும் அப்படித்தான். இருக்கறதப் போடு."

நேற்று மத்தியானம் உன் வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் உன் மகன் பாட்டைப் போட்டான். எனக்கு எதிர்வரிசையில் தபால் ஆபீஸ் சாரும் பாயும். பல்லவி போனது. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணத்தில் உன் குரல் தளரத் தொடங்கியது, என் அடியும் கூடவே தளர்ந்தது. உன் மகன் தரையைப் பார்த்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாராவது சிரித்தால் எழுந்து கேட்டுவிடுவது என்று.

அப்போது பார்த்தேன். தபால் ஆபீஸ் சாரின் உடம்பு மெல்ல முன்னால் சாய்ந்தது. பக்கத்தில் பாயும் சாய்ந்தார். அவருடைய வலது கை தலைக்கு மேலே உயர்ந்து, அங்கே இல்லாத பிடியைத் தேடியது. பாட்டு முழுதாக நின்ற இடத்தில் நீ மூச்சு வாங்கினாய். இருவர் முதுகும் ஒன்றாகப் பின்னால் வந்து நாற்காலியில் பட்டன. அவர்களுக்கே அது தெரியவில்லை.

பாய் கையை இறக்கிப் பார்த்துக்கொண்டார். "பல்லாவரம் வந்துட்டா மாதிரி கீதே" என்றார் மெதுவாக. உன் மகன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான்.

புரிகிறதா உனக்கு? பல்லாவரத்துக்கு முன்னால் வண்டி வேகத்தைக் குறைக்கும். அங்கேதான் இரண்டாவது சரணம் விழும். வண்டியோடு நீ இழுப்பாய், நான் இழுப்பேன். இறங்குகிறவர்கள் இறங்கி ஏறுகிறவர்கள் ஏறும்வரை மூச்சு வாங்கிக்கொள்வாய். வண்டி நகர்ந்ததும் எடுப்பாய். இத்தனை வருடக் காலை அது. ஆண்டுவிழா மேடையில் நீ தாளத்தை விடவில்லை. உனக்கு நோயினாலும் அது வரவில்லை. வேலைக்குப் போன பழக்கம் அது, வேறொன்றுமில்லை.

என் வருத்தம் இதுதான். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் டீ ஆறியிருக்காது. என் பதில் சரியாக இருந்தது, காரணம்தான் என்னிடம் இல்லை. காரணமில்லாமல் மறுக்கிறவனை யார்தான் நம்புவார்கள்? ஆனாலும் நீ ஒரு போன் செய்திருக்கலாம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கிளம்பும்போது உன் பேத்தி அப்பாவின் போனைக் காதில் வைத்துப் பாட்டை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தாத்தா ஏம்ப்பா இங்க மெதுவா பாடறாங்க?" என்றாள்.

உன் மகன் என்னை ஒருமுறை பார்த்தான். "அங்க ஸ்டேஷன் வருதும்மா" என்றான்.

இன்று துண்டை எடுத்ததும் அந்தக் கிட்டைப் போட்டு உட்கார்ந்தேன். உன் குரலைப் போடவில்லை, விரல் மட்டும். இடது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சரணத்தில் கை தானாகத் தளர்ந்து நின்றது. நீ மூச்சு வாங்கும் அளவுக்கு விரலைத் தூக்கியபடி காத்திருந்தேன். பிறகு எடுத்தேன்.