போத்தலுக்குள் ஒரு பாலை ஓணான்

இன்று காலை போத்தல் மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. நண்பரே, நீரே என் அருகில் வந்து நிற்பதுபோல் இருந்தது. பலேர்மோ அருங்காட்சியகத்தின் இந்தக் களஞ்சியத்தில் எத்தனை பிற்பகல்களை நாம் இந்த வாசனைக்குள் கழித்தோம்! செதில்களை எண்ணுவது நான்; பெயர் சொல்வது நீர்.

போத்தலின் சீட்டில் ‘ஆஸ்திரேலியா’ என்ற சொல் மட்டுமே மிஞ்சியிருந்தது.

“புரொஃபெசோரே, பெயர் இல்லாதவற்றை நாளை கழிக்கப்போகிறோம்,” என்றார் பொறுப்பிலுள்ள பெண்.

“ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்,” என்றேன். கேட்க நீர் இனி இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உள்ளிருந்ததை எடுத்து, அதன் வாயை மெல்லத் திறந்து பார்த்தேன். பற்கள் தாடை விளிம்பின் மேலேயே ஒட்டி, எலும்போடு எலும்பாக இருந்தன. ஓணான் குடும்பம். பலேர்மோவை அடுத்த பகேரியாவில் ஒரு மதிற்பல்லி உமது கையில் வாலை விட்டுவிட்டு ஓடியது நினைவிருக்கிறதா?

“பாரும், சிசிலிக்காரன் வாலைத் தந்திட்டு உயிரைக் கொண்டு போறான். எங்கட ஓணான் உதுக்குச் சம்மதியாது,” என்று சிரித்தீர்.

யாழ்ப்பாணத்து வேலியில் தலையாட்டும் ஓணானும் கடல்களுக்கு அப்பால் செம்மணலில் ஓடும் இதன் உறவுகளும் ஒரே குடும்பம் என்று அன்றுதான் சொன்னீர்.

கண்ணுக்குக் கீழே தொடங்கிக் காதின் மேல்வரை வளைந்து செல்லும் பெரிய செதில் வரிசை இருந்தது. ஆகவே ஆஸ்திரேலியர் டிராகன் என்றழைக்கும் பாலை ஓணான்களின் பேரினம். எந்த இனம்? முதுகின் வலைக்கோடுகளை ஸ்பிரிட் தின்றுவிட்டது. மிஞ்சியது தொடைதான். உமது உருப்பெருக்கியை வைத்தேன். ஊசிமுனை அளவுத் துளைகள், வரிசையாக. நெருங்கிய உறவினத்தில் அவை தொடையின் பின்விளிம்போடு ஓடும்; இதில் முன்பக்கமாக வளைந்தன. மனிதன் பிறக்குமுன்பே பிரிந்துபோன இரு வழிகள், என் நகத்தைவிடச் சிறிய ஒரு வளைவில் எழுதப்பட்டிருந்தன. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

சீட்டில் ‘டெனோஃபோரஸ் நுகாலிஸ்’ என்று எழுதினேன். பேனா வழக்கம்போல், சந்தேகத்தைக் குறிக்கும் ஒரு கேள்விக்குறிக்காக நின்றது.

“ஐமிச்சம் இருக்கட்டும், ஐசே. அதையும் போத்தலுக்குள்ளை போடாதையும்,” என்பீர்.

கேள்விக்குறி போடாமலே சீட்டை உள்ளே இட்டு மூடியை இறுக்கினேன். அந்தப் பெண் போத்தலை எடுத்துப் பெயருள்ளவற்றின் தட்டில் வைத்தார்.

ஐமிச்சம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.