வசனத்தின் பின்பாதி

மேடவாக்கம்
8.6.2025

அன்புள்ள கெசியா,

வாட்ஸ்ஆப்பில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். சேலையூரில் அதே வீடுதானே?

நீ சுகமா? அம்மா சுகமா? இங்கே நானும் லாசரஸும் நலம். தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, ஓ.எம்.ஆர். போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது என்று பொழுது போகிறது. அவர் நன்றாகச் சமைக்கிறார். என் உடம்பைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துத் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், ஆகஸ்டில் பைபிள் வினாடி வினா. எல்லோரும் போனிலேயே படித்துத் தயாராக ஒரு நல்ல தளத்தைத் தேர்வு செய்யும் வேலையைத் தலைவர் தேவானந்தம் சார் என்னிடம் தள்ளிவிட்டார். "நீ ஐ.டி.தானேம்மா, உனக்குத் தெரியாததா?" என்றார். எனக்குத் தெரிந்தது சம்பளப் பட்டியல் சாஃப்ட்வேர். நீதான் நூலகர், தேடத் தெரிந்தவள்.

என் கல்யாணத்தன்று உன் பெரியம்மாவிடம் நான் உளறிய நாளிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. உன்னைத் தவிர எனக்கு வேறு தோழி கிடைக்கவும் இல்லை. நீ பதில் போட்டால் பாதி மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

என்றும் உன்
சௌந்தரி


சேலையூர்
16.6.2025

ஞானசௌந்தரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பதிலைப் பாதி மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்கு வந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

முதலில், உங்கள் கத்தோலிக்க பைபிள் அந்தத் தளத்தில் முழுதாக இருக்கிறதா என்று பார். பல செயலிகளில் நாங்கள் ஆலயத்தில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு மட்டும்தான் இருக்கும். எங்களுக்கு அறுபத்தாறு புத்தகங்கள், உங்களுக்கு எழுபத்து மூன்று. அந்த ஏழிலிருந்து கேள்வி வந்தால் பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

தமிழில் தேடும்போது சொல்லின் வாலை வெட்டிவிடு. 'மரம்' என்று போட்டால் 'மரத்தை' வராது. 'மர' என்று போட வேண்டும். கூடவே 'மரணம்' எல்லாம் வரும், பொறுத்துக்கொள். வீட்டைத் தேடினால் 'வீடு' ஒரு முறை, 'வீட்ட' ஒரு முறை.

தேடிக் கிடைப்பது ஒரு துண்டு வரிதான். அதைத் தொட்டால் முழு அதிகாரமும் திறக்கும் தளமாகப் பார். திறந்து படிக்காமல் ஒரு கேள்வியும் எழுதாதே.

அம்மா சுகம்.

கெசியா


மேடவாக்கம்
29.6.2025

என் அருமைக் கெசியாவுக்கு,

"அம்மா சுகம்" என்று இரண்டு வார்த்தை எழுதினாய் பார், அதை லாசரஸிடம் மூன்று தரம் படித்துக் காட்டினேன். "நூலகத்துக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா சுகம்னு சொல்வாங்களா என்ன?" என்று கேட்டார். அந்த மனுஷர் புத்திசாலி.

ஐந்து செயலிகளைச் சோதித்தேன். ஒன்றில் யோபு உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சோஃபா விளம்பரம் வந்தது. தவணை வசதியும் உண்டாம். இன்னொன்று வாசித்தும் காட்டுகிறது. தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்புக் குரல் போலவே இருக்கிறது. செங்கடல் பிளந்த கதையைக் கேட்டுவிட்டு தேவானந்தம் சார், "எந்த பிளாட்ஃபாரம்னு சொல்லலியேம்மா?" என்றார். மூன்றாவதில் நீங்கள் வாசிக்கும் மொழிபெயர்ப்பு மட்டும்தான். அதில் 'நண்பர்' என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. வாலை வெட்டி 'நண்ப' என்றேன், அப்போதும் இல்லை. என்னடா இது, கெசியாவின் பைபிளில் நண்பர்களே கிடையாதா, அதனால்தான் இப்படி இருக்கிறாளா என்று நினைத்தேன். பிறகு 'சிநேகித' என்று போட்டதும் கொட்டியது.

எங்கள் மொழிபெயர்ப்பு உள்ள தளத்தில் 'நண்ப' என்று தேடியபோது ஒன்று அகப்பட்டது. சீராக், இருபத்திரண்டாம் அதிகாரம். உங்கள் அறுபத்தாறில் இல்லாத புத்தகம், அதனால் நானே சொல்கிறேன். நண்பருக்கு எதிராக வாய் திறந்துவிட்டாலும் பயப்படாதே, திரும்பவும் சேர்ந்துகொள்ள வழி உண்டு என்று இருக்கிறது. எனக்காகவே எழுதி வைத்தது போல இல்லையா?

வழி உண்டா கெசியா?

உன்
சௌந்தரி


சேலையூர்
5.7.2025

சௌந்தரி,

சீராக் எங்கள் நூலகத்திலும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

நீ சொன்ன வசனம் அங்கேயே முடியவில்லை. "ஆனால்" என்று தொடர்கிறது. திட்டுவது, திமிர், ரகசியத்தை வெளியே சொல்வது, முதுகில் குத்துவது, இந்த நான்குக்கும் எந்த நண்பரும் ஓடிப்போய்விடுவார் என்கிறது. துண்டு வரியை மட்டும் பார்த்திருக்கிறாய். இதற்குத்தான் திறந்து படி என்றேன்.

இறையியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாக வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூர் மண்டபத்தில், ஐஸ்கிரீம் கொடுக்கும் இடத்தில் நீ என் பெரியம்மாவிடம், "ஆன்ட்டி, உங்க கெசியா இனிமே ரெவரெண்ட் கெசியா! சீட் கெடச்சாச்சு, தெரியாதா உங்களுக்கு?" என்றாய். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பெரியம்மா ஸ்பூனைக்கூடக் கீழே வைக்காமல், "ஏண்டி, பொண்ணு பாஸ்டராகப் போறாளாமே, என்கிட்ட மறைச்சிட்டியே!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள். அம்மா மறைக்கவில்லை. அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். ஒரு மாதம் அழுதார்கள். நான் அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

அந்த நான்கில் நீ செய்தது எது என்று நீயே பார்த்துக்கொள்.

கெசியா


மேடவாக்கம்
13.7.2025

கெசியா,

மூன்றாவது.

முழு அதிகாரத்தையும் திறந்து படித்தேன். படித்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு அழுததால் அது தீய்ந்தது. லாசரஸ் தோசை வார்த்தார்.

உன்னை நினைத்துப் பெருமைப்பட்டுத்தான் சொன்னேன் என்று இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீ யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாய். உன் வீட்டாருக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று உன் பெரியம்மாவிடம் காட்டிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். உனக்கு என்ன ஆகும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மன்னித்துவிடு.

இதற்கு வசனம் எதுவும் தேடவில்லை. வழி உண்டா என்றும் கேட்கப்போவதில்லை.

தளத்தைத் தேர்வு செய்தாயிற்று. விளம்பரம் இல்லை, எழுபத்து மூன்றும் இருக்கிறது, வரியைத் தொட்டால் அதிகாரம் திறக்கிறது. நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. நன்றி.

சௌந்தரி


சேலையூர்
10.8.2025

அன்புள்ள சௌந்தரி,

பதில் எழுத நான்கு வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் மீது பழி போடமாட்டேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

எந்த நண்பரும் ஓடிப்போய்விடுவார் என்றுதான் அதில் இருக்கிறது. நானும் ஓடித்தான் பார்த்தேன். எனக்கு ஓட வரவில்லை. நல்ல புத்தகம் எதைப் படித்தாலும் பாதியிலேயே உன்னிடம் சொல்லத் தோன்றும். போனை எடுப்பேன், பிளாக் செய்தது ஞாபகம் வரும், என் மேலேயே கோபம் வரும்.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். அம்மா ஒரு மாதம்தான் அழுதார்கள். அதற்குப் பிறகும் சேர இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. போகப் பயந்தது நான். உன்னால்தான் போகவில்லை என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது. நீ செய்தது தப்பு. ஆனால் அது முழுவதும் உன் கணக்கில் இல்லை.

இப்போது கவனமாகப் படி. மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்த அன்றைக்கு அம்மாவிடம் நானே சொல்வேன். அதுவரை ஒருவருக்கும் தெரியாது. லாசரஸ் உட்பட.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

வினாடி வினா எப்படிப் போயிற்று?

உன்
கெசியா


மேடவாக்கம்
17.8.2025

என் கெசியா,

வினாடி வினா அமர்க்களம். தேவானந்தம் சார் அணிக்கு மூன்றாம் பரிசு, அதாவது கடைசிப் பரிசு. 'மர' என்று தேடிக் கிடைத்ததை எல்லாம் எண்ணிவிட்டு, "பைபிள்ல எவ்ளோ மரம்!" என்று அவர் சொன்னதில் பாதி மரணம். கூட்டத்தில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

நீ கடைசியில் எழுதியிருந்த விஷயத்தைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதமாட்டேன். கடிதம் கைமாறிப் போனால் என்ன செய்வது? படித்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினேன் என்று மட்டும் சொல்கிறேன். லாரித் தண்ணீர்தான், பரவாயில்லை.

சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அதுதான் வந்துவிடும் போலிருப்பதால் நான்கு நாளாக வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டேன். லாசரஸ் பயந்துபோனார். "என்னம்மா, பல்லு வலியா?" என்றார். வேறு என்ன சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். நல்ல மனுஷர், உடனே போன் போட்டு சனிக்கிழமைக்கு டென்டிஸ்டிடம் நேரம் வாங்கிவிட்டார். கடைவாய்ப் பல்லாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவும் செய்துவிட்டார்.

போகப்போகிறேன், கெசியா. ஒரு பல் போனாலும் போகட்டும்.

உன்
சௌந்தரி